'ஐ அக்ரீ' கிளிக் செய்யும் முன்...

புதிய சாப்ட்வேர் ஒன்றை இன்ஸ்டால் செய்யும்போது சிறிய கட்டம் ஒன்றில் நீளமான ஆங்கில வாசகம் வரும். யார் படிக்கிறார்கள்? 'ஐ அக்ரீ'யில் டிக் செய்து 'நெக்ஸ்ட்' தட்டிவிடுவோம். அமெரிக்காவின் பிசி பிட்ஸ்டாப் நிறுவனம் தன் ஒப்பந்தத்திற்குள், இந்த இமெயில் முகவரிக்கு எழுதினால் பணம் உண்டு என்று ஒரு வரியை ஒளித்து வைத்தது. நான்கு மாதம் கழித்து, 3,000 டவுன்லோடுகளுக்குப் பிறகுதான் ஒருவர் எழுதினார். அவருக்கு 1,000 டாலர் கிடைத்ததை 2005-ல் அந்த நிறுவனமே தெரிவித்தது.

நானும் படிக்காதவன்தான். கல்லூரியில் படித்தபோது அக்காவின் திருமண வீடியோவை ஒரு ட்ரையல் எடிட்டரில் மூன்று வாரம் உட்கார்ந்து வெட்டி ஒட்டினேன். பரீட்சை வந்ததால் பத்து நாள் தொடவில்லை. 31-ஆம் நாள் திறந்தால் லைசென்ஸ் கீ கேட்டது. அதன் பைலை வேறு எந்த சாப்ட்வேரும் திறக்கவில்லை. 30 நாளுக்குப் பின் சேமித்த வேலையைத் திறக்க முடியாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அக்கா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாள். ட்ரையல் முடிவதற்குள் வேலையை எம்பி4, ஜேபெக் போன்ற பொதுவான வடிவில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.

எல்லா ட்ரையலும் இப்படிக் கதவைச் சாத்துவதில்லை. வின்ராரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒப்பந்தம் 40 நாள் மட்டுமே சோதித்துப் பார்க்க அனுமதிக்கிறது. பிறகு லைசென்ஸ் வாங்க வேண்டும், இல்லையேல் நிறுத்த வேண்டும். ஆனால் 40 நாள் கழிந்தாலும் ஒரு நினைவூட்டல் விண்டோவைக் காட்டிவிட்டுத் தொடர்ந்து வேலை செய்யும். அதனால் பலர் அதை இலவச சாப்ட்வேர் என்றே நினைக்கிறார்கள். வேலை செய்கிறது என்பது வேறு, அனுமதி இருக்கிறது என்பது வேறு. பணம் கொடுக்க விருப்பமில்லை என்றால் 7-ஜிப் இருக்கிறது. அது உண்மையிலேயே இலவசம், அலுவலகத்திலும் பயன்படுத்தலாம். ரார் பைல்களையும் பிரிக்கும், ஆனால் உருவாக்காது. கிராக் தேடிப் போகாதீர்கள். அதோடு வைரஸும் வந்து சேரும்.

முழு ஒப்பந்தத்தையும் படிக்கப் பொறுமை இல்லையா? கட்டத்திற்குள் கிளிக் செய்து கன்ட்ரோல் + ஏ, கன்ட்ரோல் + சி கொடுங்கள். நோட்பேடில் பேஸ்ட் செய்து கன்ட்ரோல் + எஃப் மூலம் 'ட்ரையல்', 'எவாலுவேஷன்', 'டேஸ்', 'கமர்ஷியல்', 'ரினியூ' ஆகிய ஆங்கிலச் சொற்களைத் தேடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். 'கமர்ஷியல்' வரும் இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். வீட்டுக்கு இலவசமாக இருப்பது உங்கள் கடை பில்லுக்கு இலவசமாக இல்லாமல் போகலாம்.

'ரினியூ' என்று இருந்து, கார்டு எண்ணும் கேட்டால் கூடுதல் கவனம் தேவை. ட்ரையல் முடிந்ததும் பணம் தானாகவே எடுக்கப்படும் என்று அர்த்தம். ரிசர்வ் வங்கி விதிப்படி 2021 அக்டோபர் முதல், இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். சாப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்தால் மட்டும் சந்தா நின்றுவிடாது. அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் அக்கவுன்ட்டிற்குள் சென்று தனியாக கேன்சல் செய்ய வேண்டும்.