தலைகீழாக ஓடும் பூனை

விளையாட்டாய்ப் படித்தவர்கள் – 11

பூனையின் பெயர் பெலிக்ஸ். எலியின் பெயர் ஹெர்பர்ட். 2012-க்குப் பிறகு இங்கிலாந்தில் பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடாமல் கணினி அறையில் உட்கார்ந்துவிட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எழுதிய முதல் புரோகிராமே இந்த இருவரின் துரத்தல்தான். 'கோட் கிளப்' என்ற அமைப்பு, முதல் பருவத்தின் முதல் பயிற்சியாக இதைக் கொடுத்தது. மவுஸை நகர்த்தினால் ஹெர்பர்ட் ஓட வேண்டும். பெலிக்ஸ் விடாமல் துரத்த வேண்டும். அவ்வளவுதான் கதை.

பிள்ளைகளுக்கு வயது ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். கீபோர்டில் நீளமாக அடிக்கிற வேலை எதுவும் இல்லை. ஸ்க்ராட்ச் மொழியில் கட்டளைகள் எல்லாம் வண்ணக் கட்டைகளாகத் திரையில் கிடக்கும். இழுத்து வந்து ஒன்றின் கீழ் ஒன்றைப் பொருத்தினால் போதும். ஓயாமல் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டைக்குள் 'எலியைப் பார்த்துத் திரும்பு', '10 அடி நகர்' என்ற இரண்டையும் சொருகிவிட்டுப் பச்சைக் கொடியைச் சொடுக்கினால் பூனை கிளம்பிவிடும். வலப்பக்கம் ஓடும்போது எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். எலியை இடப்பக்கம் கொண்டுபோனால்தான் வேடிக்கை. பெலிக்ஸ் மல்லாந்து, நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு, அதே வேகத்தில் துரத்தும்.

அறையே சிரிக்கும். ஆனால் கணினியின் கணக்கில் தப்பே இல்லை. வலது பக்கம் பார்க்கும்படி வரைந்த படத்தை அரை வட்டம் சுழற்றினால் கால் மேலே போகாமல் என்ன செய்யும்? 'இடம் வலம் மட்டும் திரும்பு' என்று ஓர் அமைப்பு அங்கேயே இருக்கிறது. அதை மாற்றியதும் பூனை நிமிர்ந்துவிடும். அடுத்த கோளாறு இன்னும் சுவையானது. எலியை எட்டிப் பிடித்ததும் பெலிக்ஸ் ஜுரம் வந்தது போல் உதறத் தொடங்கும். ஒரு எட்டுக்கு 10 அடி என்பதால் எலியைத் தாண்டிப் போய்விடுகிறது. உடனே திரும்புகிறது. மறுபடி தாண்டுகிறது. தூரம் 10-க்கு மேல் இருந்தால் மட்டும் நகரச் சொல்ல வேண்டும் என்று ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்தால், 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற நிபந்தனையை யாரும் கரும்பலகையில் எழுதிப்போட வேண்டியதில்லை.

இந்தத் தடுமாற்றத்தைப் பாடத்தின் நடுவே வைத்தவர்களில் முக்கியமானவர், தென்னாப்பிரிக்காவில் பிறந்து, ஜெனீவாவில் குழந்தை உளவியல் மேதை பியாஜேயிடம் வேலை பார்த்து, பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போன கணித அறிஞர் சீமோர் பேப்பர்ட். 1967-ல் வாலி பியூர்சீக், சிந்தியா சாலமன் முதலானோரோடு சேர்ந்து குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற மொழியை உருவாக்கினார். கட்டளைக்குக் கட்டளை நகர்ந்து கோடு போடும் ஆமை அதில் சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது. கணக்கு நோட்டில் தப்பு என்றால் சிவப்பு மை, அதோடு முடிந்தது. புரோகிராமில் தப்பு என்றால் அது எந்த வரியில் இருக்கிறது என்று தேடிப்போக வேண்டும். பேப்பர்ட் 1980-ல் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் உயிர்நாடி இதுதான். அவரோடு நெருங்கி வேலை செய்த மிட்செல் ரெஸ்னிக்கின் குழு எம்.ஐ.டி. மீடியா லேபிலிருந்து 2007-ல் வெளியிட்டதுதான் ஸ்க்ராட்ச்.

இங்கிலாந்துக்கு இதெல்லாம் புதிதல்ல என்பது கதையின் வினோதம். 1980-களில் பி.பி.சி. தன் பெயரிலேயே ஒரு கணினியைக் கொண்டுவந்து, தொலைக்காட்சித் தொடரும் நடத்தி, பள்ளி பள்ளியாக பேசிக் மொழியைப் பரப்பிய நாடு அது. பிறகு அந்த வகுப்புகள் வேர்டில் கடிதம் அடிப்பது, எக்ஸெல்லில் அட்டவணை போடுவது என்று சுருங்கிப்போயின. 2011 ஆகஸ்டில் எடின்பரோவில் பேசிய கூகுளின் எரிக் ஷ்மிட், கணினித் துறையில் இத்தனை பெருமை உள்ள நாடு அதைப் பள்ளியில் சொல்லித்தராமல் இருக்கிறதே என்று குத்திக்காட்டினார். மறு ஜனவரியில் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் பழைய பாடத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். புதியது 2014 செப்டம்பரில்தான் வந்தது. ஐந்து வயதிலிருந்தே கணினியியல் கட்டாயம் என்றது அது.

அமைச்சகம் கோப்பு நகர்த்திக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் இரண்டு பெண்கள் புகுந்தார்கள். கிளேர் சட்க்ளிஃப் வடிவமைப்பாளர். லிண்டா சாண்ட்விக் புரோகிராமர். 2012 ஏப்ரலில் கோட் கிளப்பைத் தொடங்கினார்கள். திட்டம் எளிமையானது. கோடிங் தெரிந்த தன்னார்வலர் வாரம் ஒரு மணி நேரம், பள்ளி முடிந்த பிறகு, பக்கத்துத் தொடக்கப்பள்ளிக்குப் போக வேண்டும். பயிற்சித் தாள்களை அமைப்பு தரும். பிள்ளைகளிடம் காசு கிடையாது, பரீட்சையும் கிடையாது. முதல் இரண்டு பருவம் ஸ்க்ராட்ச், மூன்றாவதில் வலைப்பக்கம், நான்காவதில் பைத்தான். 2015 நவம்பரில் ராஸ்பெரி பை அறக்கட்டளையோடு இணைந்தபோது கிளப்புகளின் எண்ணிக்கை 3,800-ஐத் தாண்டியிருந்தது. வந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் பெண் பிள்ளைகள். அதே காலத்தில் அந்நாட்டுப் பள்ளி இறுதித் தேர்வில் கணினியியல் எழுதியவர்களில் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

எல்லாம் இனிப்பாகவே நடந்துவிடவில்லை. சாண்ட்விக் 2014-லேயே இயக்குநர் பொறுப்பை விட்டு விலகினார். நிதி தரும் நிறுவனங்களைப் பொதுவெளியில் விமர்சிக்கக் கூடாது என்று நிர்வாகக் குழு கேட்டதாக அவரே எழுதினார். இலவச வகுப்பு என்றாலும் யாரோ ஒருவர் பணம் கட்டத்தான் செய்கிறார். அந்த யாரோ கணினி நிறுவனமாக இருக்கும்போது இந்தச் சங்கடம் வந்தே தீரும்.

இன்னொரு சங்கடம் ஆய்விலிருந்து வந்தது. 'கோடிங் படித்தால் மூளை கூர்மையாகும்' என்று ஊரெல்லாம் விளம்பரம் ஓடுகிற காலத்தில், கோட் கிளப் தன்னையே சோதனைக்கு உட்படுத்தியது பாராட்டத்தக்க துணிச்சல். இங்கிலாந்தின் தேசியக் கல்வி ஆய்வு நிறுவனம் 21 பள்ளிகளில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி கிளப்புக்குப் போனது, மறு பாதி போகவில்லை. ஓர் ஆண்டு கழித்து இருவருக்கும் தேர்வு. 2017-ல் முடிவு வந்தது. கோடிங் கேள்விகளில் கிளப் பிள்ளைகள் தெளிவாக முன்னே இருந்தார்கள். பொதுவான தர்க்கச் சிந்தனைப் புதிர்களில் இரு தரப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

நம் ஊர் கோடிங் விளம்பரங்கள் இந்த ஆய்வைத் தொடுவதில்லை, தொடவும் மாட்டா. பூனையை நிமிர்த்தப் பழகிய பிள்ளைக்குப் பூனையை நிமிர்த்த வரும். அது வீட்டுக்கணக்கிலும் வாழ்க்கைக்கணக்கிலும் தானாகப் பாய்ந்துவிடும் என்பதற்கு வாரம் ஒரு மணி நேர கிளப்பில் சாட்சி கிடைக்கவில்லை. கிளப்புக்குப் போகாத பாதிக்கும் அதற்குள் வகுப்பிலேயே கணினியியல் வந்துவிட்டிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நான்காம் பருவத்தில் பைத்தான் வரும்போது வேறொரு சிக்கல். கட்டைகளில் எழுத்துப்பிழைக்கு இடமில்லை, பொருந்தாத கட்டை ஒட்டவே ஒட்டாது. பைத்தானில் ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போனாலோ, வரியின் தொடக்கத்தில் இடைவெளி பிசகினாலோ புரோகிராம் நகராது. பூனை மல்லாந்தால் சிரிப்பு வரும். 'சின்டாக்ஸ் எரர்' வந்தால் யாரும் சிரிப்பதில்லை. திரையிலிருந்து இறங்கி, கையில் பிடித்து விளக்கு எரியவைக்கும் ஒரு சின்னப் பலகை இதற்குக் கைகொடுக்கும் என்று நம்பிய பி.பி.சி., 2016-ல் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அதை லட்சக்கணக்கில் இலவசமாகவே கொடுத்தது. மைக்ரோபிட் என்ற அந்தப் பலகையின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)