விடுமுறைக்கு முன்னால் ஒரு மலாக்கா சுற்றுலா

தவணை விடுமுறை நெருங்கினால் ஓட்டப்பந்தயம், புறப்பாடக் கூட்டம், கல்விச் சுற்றுலா எல்லாம் வரிசையாக வரும். “எஸ்.பி.எம். இருக்கு டீச்சர், டியூஷன் போகணும்” என்று நழுவும் மாணவர்களே, கணக்கைப் பாருங்கள். பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு உரியது. மீதி 90 விழுக்காட்டுக்கும் சுற்றுலா கைகொடுக்கும். கட்டுரைக்குக் கருத்து தரும்.

எப்படி? 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மலாக்கா நகரில், ஜாலான் துக்காங் எமாஸ் போங்கள். 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் அங்கேதான் இருக்கு. அது மலாக்கா செட்டிகளின் கோயில். அவர்கள் தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவதோ மலாய். வழிபாடும் பொங்கலும் நிலைத்தன, பேச்சுமொழி நிலைக்கவில்லை. ஏன்? கட்டுரைக்கு இதைவிட நல்ல கேள்வி வேண்டுமா?

பார்த்தது, கேட்டது, தோன்றியது மூன்றையும் அன்றே தனித்தனியாகக் குறித்துவிடுங்கள். முதல் இரண்டும் அறிக்கைக்கு. மூன்றாவது கருத்து விளக்கக் கட்டுரைக்கு.

ஆசிரியர்களே, திரும்பிப் போக பஸ் இல்லையென்றால் தோட்டத்துப் பிள்ளைகள் பெயர் கொடுக்கத் தயங்குவார்கள். இறக்கிவிடும் இடத்தையும் நேரத்தையும் பெற்றோர் அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.