தூவிப் போர்வை: துவைத்தலும் உலர்த்தலும் பேணுதலும்

வடமாநிலங்களுக்குப் பணிமாற்றம் பெற்றுச் செல்லும் குடும்பங்கள் முதல் குளிர்காலத்திலேயே நல்ல போர்வை ஒன்றைத் தேடத் தொடங்கிவிடுகின்றன. தில்லியிலும் சண்டிகரிலும் சனவரி இரவுகளில் வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. சிம்லாவைப் பற்றியும் லேயைப் பற்றியும் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சு அடைத்த ரஜாய், கம்பளி, செயற்கை இழை அடைத்த கம்ஃபர்ட்டர் ஆகியவற்றோடு, பறவையின் மென்தூவி அடைத்த ‘டவுன் கம்ஃபர்ட்டர்’களும் இன்று விற்பனையில் உள்ளன. எடை குறைவு, கதகதப்பு மிகுதி என்பதால் பலரும் இவற்றை விரும்புகின்றனர். விலையும் அதற்கேற்ப மிகுதி.

விலைமிகுந்த பொருளை வாங்கும்போது, அது எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதையும் சேர்த்தே நாம் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 15,000 ரூபாய் கொடுத்து வாங்கிய போர்வை 3 குளிர்காலங்களில் பாழானால், ஆண்டுத் தேய்மானம் 5,000 ரூபாய். அதுவே 15 குளிர்காலங்கள் தாங்கினால் 1,000 ரூபாய்தான். இவ்விரண்டில் எது நமக்கு வாய்க்கும் என்பதைப் பெரும்பாலும் துவைக்கும் நாளும் உலர்த்தும் நாட்களுமே தீர்மானிக்கின்றன.

தூவி என்பது எது?

வாத்து, பெருவாத்து ஆகிய நீர்ப்பறவைகளின் மேலிறகுக்கு அடியில், உடலை ஒட்டி வளரும் மெல்லிய பஞ்சு போன்ற பகுதியே தூவி. இச்சொல் நமக்குப் புதியதன்று. நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலுக்கு அன்னத்தின் தூவியால் மெத்தை அமைக்கப்பட்டிருந்ததாக நக்கீரர் பாடியிருக்கிறார்.

மேலிறகுக்கு நடுவே காம்பு உண்டு. தூவிக்கு அத்தகைய காம்பு இல்லை. நடுவிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து நுண்ணிழைகள் எல்லாத் திசைகளிலும் விரிந்து நிற்கின்றன. இவ்விழைகளுக்கு இடையே சிறைப்படும் காற்றே நம் உடல் வெப்பத்தை வெளியேறாமல் காக்கிறது. ஆகவே, தூவி எவ்வளவு உப்பி நிற்கிறதோ அவ்வளவு கதகதப்பு. போர்வையின் சீட்டில் ‘ஃபில் பவர் 600’ என்று குறித்திருந்தால், ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி, 600 கன அங்குல இடத்தை நிரப்பும் என்று பொருள். இது ஏறத்தாழ 10 லிட்டர் கொள்ளளவு.

தூவி நனைந்தால் நுண்ணிழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், காற்றுக்கு இடமிராது. முழுமையாக உலர்ந்து கட்டிகள் பிரிந்தால்தான் பழைய நிலை திரும்பும். துவைக்கும் முறை, உலர்த்தும் முறை ஆகிய அனைத்தும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

துவைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

முதலில், நம்மிடம் இருப்பது தூவிப் போர்வைதானா என்று பார்க்க வேண்டும். சீட்டில் ‘மைக்ரோஃபைபர்’ என்றோ ‘டவுன் ஆல்டர்னேட்டிவ்’ என்றோ இருந்தால், உள்ளே இருப்பது பாலியஸ்டர். அதைத் துவைப்பதும் உலர்த்துவதும் எளிது. பஞ்சு ரஜாயோ நீரில் நனைக்கத் தக்கதன்று. நனைந்த பஞ்சு இறுகிவிடும். அதைப் பிரித்துக் கொட்டி மீண்டும் அடிக்கக் கொடுப்பதே வழக்கம்.

அடுத்து, சீட்டிலுள்ள குறிகளைப் படிக்க வேண்டும். நீர்த்தொட்டிப் படம் இருந்தால் நீரில் துவைக்கலாம். அதன்மேல் பெருக்கல் குறி இருந்தால் கூடாது. தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டுமே துவைக்க வேண்டும். சதுரத்துக்குள் வட்டம் இயந்திர உலர்த்தலைக் குறிக்கும். அவ்வட்டத்துக்குள் ஒரே புள்ளி இருந்தால் குறைந்த வெப்பம். வெறும் வட்டம் உலர்சலவைக்கு உரியது. சீட்டு உலர்சலவையை மட்டும் அனுமதித்தால், வீட்டில் துவைக்க முயல வேண்டாம்.

மூன்றாவதாக, தையல்களையும் துணியையும் முழுவதும் ஆராய வேண்டும். சிறு கிழிசலும் துவைக்கும்போது பெரிதாகி, தூவி இயந்திரமெங்கும் பரவிவிடும். மெல்லிய ஊசியால் நெருக்கமாகத் தைத்து, மேலே ஒட்டுத்துணி ஒட்டுவது நன்று. ஓர் இறகு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதைப் பிடுங்கக் கூடாது. மறுபுறத்திலிருந்து துணியோடு பிடித்து உள்ளே இழுத்துவிட வேண்டும். பிடுங்கினால் துளை பெரிதாகி, அடுத்தடுத்த இறகுகளுக்கு வழி கிடைத்துவிடும்.

கடைசியாக, உலர்ந்த நிலையில் போர்வையை எடைபார்த்துக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இதன் பயன் பின்னர் விளங்கும்.

துவைக்கும் முறை

தூவிப் போர்வையை அடிக்கடி துவைக்க வேண்டியதில்லை. பருத்தி உறை போட்டுப் பயன்படுத்தி, உறையை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை துவைத்து வந்தால், போர்வையை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை துவைத்தாலே போதும். தேநீர்க் கறை போன்றவை பட்டால், அவ்விடத்துத் தூவியை விரலால் ஒதுக்கிவிட்டு, மேல்துணியை மட்டும் சோப்பு நீரால் துடைத்து உலர்த்தலாம்.

முழுதாகத் துவைப்பதானால், முன்புறம் கதவுள்ள இயந்திரமே ஏற்றது. மேல்புறம் திறக்கும் இயந்திரங்களின் நடுத்தண்டு துணியை முறுக்கித் தையலை அறுத்துவிடக்கூடும். போர்வை உள்ளே தளர்வாகப் புரள வேண்டும். திணித்துத்தான் கதவை மூட முடிகிறது என்றால், அந்த இயந்திரம் போதாது. அப்போது பெரிய இயந்திரங்கள் உள்ள சலவையகத்தை நாடலாம். அல்லது குளியல் தொட்டியில் கையால் துவைக்கலாம்.

தூவி, நம் முடியைப் போன்றே கெரட்டின் என்னும் புரதத்தாலானது. கறை நீக்கும் நொதிகள் கலந்த சலவைத்தூள் புரதத்தைச் சிதைக்க வல்லது. ஆகவே, கம்பளி ஆடைகளுக்கென விற்கப்படும் மென்மையான திரவ சோப்பை, வழக்கமான அளவில் பாதியே பயன்படுத்த வேண்டும். வெளுப்பான் கூடாது, துணியை மென்மையாக்கும் திரவமும் கூடாது, அது இழைகளில் படிந்து உப்புந்தன்மையைக் குறைத்துவிடும். நீரின் வெப்பம் 30 டிகிரி போதும்.

சோப்பு உள்ளே தங்கினாலும் தூவி ஒட்டிக்கொள்ளும். ஆதலால், இரண்டு மூன்று முறை அலச வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீர் வரும் வீடுகளில் இன்னும் ஒருமுறை அலசுவது நல்லது. கையால் துவைப்போர் போர்வையை முறுக்கிப் பிழியாமல், அழுத்தி நீரை வெளியேற்ற வேண்டும். ஈரப் போர்வையை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால், நீரின் பாரத்தால் உள்தடுப்புகள் கிழிந்துவிடும். இரு கைகளாலும் அடியிலிருந்து ஏந்திக் கூடையில் வைக்க வேண்டும். அவ்வேளையில் எழும் பறவை வாடையைக் கண்டு அஞ்ச வேண்டாம்; உலர்ந்ததும் அது மறைந்துவிடும்.

உலர்த்துதலே முதன்மை

உலர்த்தும் இயந்திரம் இருந்தால், குறைந்த வெப்பத்தில் இரண்டு மூன்று சுத்தமான டென்னிஸ் பந்துகளோடு சுழலவிட வேண்டும். பந்துகள் மோதிக் கட்டிகளை உடைக்கும். அரைமணிக்கு ஒருமுறை வெளியே எடுத்து உதறி, கட்டிகளை விரலால் பிரித்துவிட வேண்டும். மொத்தம் மூன்று நான்கு மணிநேரமோ அதற்கு மேலுமோ ஆகலாம்.

நம்முள் பெரும்பாலோர் வீட்டில் அத்தகைய இயந்திரம் இராது. அவர்கள் போர்வையை ஒற்றைக் கொடியில் தொங்கவிடாமல், கயிற்றுக் கட்டிலின்மீதோ இணையாகக் கட்டிய நான்கைந்து கொடிகளின்மீதோ படுக்கைவாட்டில் விரிக்க வேண்டும். காற்றோட்டமுள்ள நிழலே போதுமானது. இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு, உதறி, ஒவ்வொரு கட்டமாகத் தடவிக் கட்டிகளைப் பிரிக்க வேண்டும். இரவில் பனி படாமல் உள்ளே கொண்டுவந்து மின்விசிறியின் கீழ் விரிக்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று நாட்கள் ஆகும்.

எனவே, பருவம் பார்த்தே துவைக்க வேண்டும். தில்லி, செய்ப்பூர், இலக்னோ போன்ற ஊர்களில் மார்ச் இறுதியும் ஏப்ரலும் உகந்தவை. அப்போது காற்று வறண்டிருக்கும். சூலை, ஆகஸ்டு மாதங்களில் துவைக்கவே கூடாது. மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக் காற்றுள்ள நகரங்களில் வீட்டில் உலர்த்த முயல்வதைவிட, பெரிய உலர்த்தும் இயந்திரம் உள்ள சலவையகத்துக்குக் கொடுப்பதே சிக்கனம்.

எடை சொல்லும் உண்மை

மேல்துணி விரைவில் உலர்ந்துவிடும். உள்ளிருக்கும் தூவி அவ்வாறு உலராது. கைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் போர்வையை மடித்து வைத்தால், சில வாரங்களில் பூஞ்சை பிடித்து நாற்றம் எழும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் முதியோருக்கும் அப்போர்வை தீங்கு விளைவிக்கும். அந்நிலையை அடைந்த தூவியை மீட்பது அரிது.

இதைத் தவிர்க்கத்தான் முன்னரே எடையைக் குறித்து வைத்தோம். பயணப் பெட்டியை எடைபார்க்கும் கொக்கித் தராசே போதும். துவைக்கும் முன் 2 கிலோ 300 கிராம் இருந்த போர்வை இப்போது 2 கிலோ 600 கிராம் இருந்தால், 300 மில்லிலிட்டர் நீர் இன்னும் உள்ளே ஒளிந்திருக்கிறது. எடை பழைய அளவுக்கு வந்து, அரைநாள் விட்டு மறுபடி பார்த்தாலும் குறையாமல் நின்றால், உலர்ந்தது உறுதி. காற்றின் ஈரப்பதத்துக்கேற்பச் சிறு வேறுபாடு வரலாம். கூடவே, போர்வையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், மீந்துள்ள கட்டிகள் கருநிழலாகத் தெரியும்.

கோடையிலும் மழையிலும்

உலர்ந்த போர்வையைத் தளர்வாக மடித்து, பருத்திப் பையிலோ பழைய மெத்தை விரிப்பிலோ சுற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். காற்றை உறிஞ்சி இறுக்கும் பைகள் இடத்தை மிச்சப்படுத்தும். ஆயினும், மாதக்கணக்கில் நசுங்கிக் கிடக்கும் தூவி உப்பும் ஆற்றலை இழக்கும். பணிமாற்றத்தின்போது சாமான் ஏற்றும் சில நாட்களுக்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்தலாம். போர்வையின்மேல் கனமான பொருள்களை அடுக்கவும் கூடாது. நாப்தலீன் உருண்டையின் நெடி தூவியில் ஏறினால் எளிதில் போகாது. அதற்கு மாறாக, நன்கு காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து அருகில் வைக்கலாம்.

மழைக்காலத்தில், வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து ஓரிரு முறை வெளியே எடுத்து உதறி வைக்க வேண்டும். அக்டோபரில் பையைத் திறந்ததும் ஒருநாள் முழுவதும் காற்றாட விரித்து, உறை போட்டுக்கொண்டால், முதல் குளிர் இரவுக்குப் போர்வை ஆயத்தமாகிவிடும்.