பேட்டரியைக் காலி செய்வது சென்சார் அல்ல, வைஃபை

செராஸ் பக்கம் வரிசை வீட்டில் இருக்கிறீர்களா? அப்படியென்றால் உங்கள் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில்தான் இருக்கும். நீர் விநியோகத் தடை என்று அறிவிப்பு வந்தால்தான் நம்மில் பலருக்கு அதன் நினைவே வரும். 2020 செப்டம்பரில் ராவாங் அருகே சுங்கை கோங்கில் மாசு கலந்தபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் அதிகமான கணக்குகளுக்குத் தண்ணீர் தடைபட்டது.

தொட்டியில் ஒரு மிதவை ஸ்விட்ச், ஓர் இஎஸ்பி32 போர்டு, ஒரு 18650 பேட்டரி. தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கினால் கைப்பேசிக்குத் தகவல் வரும். செய்வது சுலபம்தான். ஆனால் கூரைக்கு அடியில் பிளக் கிடையாது. பேட்டரியும் மறுநாளே காலி. ஏன்?

வைஃபையை எப்போதும் திறந்து வைத்திருந்தால் இஎஸ்பி32 சுமார் 100 மில்லிஆம்பியர் இழுக்கும். 2,500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 25 மணி நேரம்தான் தாங்கும். ஸ்விட்சைப் பார்க்க ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. ரேடியோதான் தின்கிறது.

அதனால் தூங்க வையுங்கள். டீப் ஸ்லீப்பில் இந்த சிப்புக்கு சுமார் 10 மைக்ரோஆம்பியர் போதும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, 120 மில்லிஆம்பியரில் 5 விநாடி வேலை செய்தால், ஒரு நாளைக்கு 16 மில்லிஆம்பியர்-மணி. காகிதத்தில் ஐந்து மாதம் வரும்.

நேரில் வராது. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கடையில் வாங்கும் மலிவான போர்டில் எந்நேரமும் எரியும் சிவப்பு எல்இடி, யுஎஸ்பி சிப், மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் எல்லாம் இருக்கும். சிப் தூங்கினாலும் இவை தூங்காது. பரவலாக இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போதே சுமார் 5 மில்லிஆம்பியர் இழுக்கும். அது மட்டுமே ஒரு நாளைக்கு 120. ஐந்து மாதம் 18 நாளாகச் சுருங்கிவிடும்! போர்டு வாங்கும்போது விலையைவிட டீப் ஸ்லீப் மின்னோட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். (பவர்பேங்கும் வேண்டாம். மின்னோட்டம் குறைந்தால் பல பவர்பேங்குகள் தானாகவே அணைந்துவிடும்.)

அடுத்தது அந்த 5 விநாடி. அதில் பெரும்பகுதி ரௌட்டரைத் தேடவும் ஐபி முகவரி கேட்டுக் காத்திருக்கவும்தான் போகிறது. நிலையான ஐபி முகவரி கொடுத்து, ரௌட்டரின் சேனலை ஆர்டிசி மெமரியில் சேமித்து வைத்தால் இந்த நேரம் நன்றாகக் குறையும். தகவல் அனுப்புவதற்கு மில்லிவிநாடிகளே போதும்.

இன்னும் நல்ல வழி, மிதவை ஸ்விட்சே சிப்பை எழுப்பும்படி செய்வது. நீர்மட்டம் மாறாவிட்டால் வைஃபையைத் திறக்கவே தேவையில்லை. ஆனால் 'உயிரோடு இருக்கிறேன்' என்று தினமும் ஒரு தகவல் அனுப்பட்டும். இல்லாவிட்டால் தொட்டி நிறைந்திருக்கிறதா, பேட்டரி செத்துவிட்டதா என்று உங்களுக்குத் தெரியாது.

கடைசியாக, கரண்ட் போய் ரௌட்டர் அணைந்துவிட்டால்? "கிடைக்கும் வரை தேடு" என்று எழுதியிருந்தால், ஓர் இரவிலேயே பல மாதங்களுக்கான சார்ஜ் கரைந்துவிடும். 10 விநாடியில் இணைப்பு கிடைக்கவில்லையா? திரும்பத் தூங்கி, ஒரு மணி நேரம் கழித்து முயலச் சொல்லுங்கள்.