ஈர நெல்லைப் புரட்டும் காற்று... குறைந்தாலும் நஷ்டம், கூடினாலும் நஷ்டம்!

டெல்டாவில் குறுவை அறுவடை நேரத்தில் மழையும் வந்துவிட்டால், விவசாயிகளின் பாடு திண்டாட்டம்தான். கொள்முதல் நிலையங்களில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவிகிதம். 24 சதவிகித ஈரத்தோடு குவித்து வைத்த நெல்லோ சில நாள்களிலேயே சூடேறி, நிறம் மாறி, முளைவிடத் தொடங்கும். அப்படிப்பட்ட நெல் 100 கிலோவை 17 சதவிகிதத்துக்குக் கொண்டுவர, சுமார் எட்டரை கிலோ தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

வெயில் இல்லாத நாளில் இந்த வேலையைச் செய்யும் கருவிகளில் ஒன்று, மிதவைப் படுகை உலர்த்தி. தாய்லாந்தின் கிங் மோங்குட் தொன்புரி தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1990-களில் இதை நெல்லுக்கு ஏற்றபடி மேம்படுத்தினார்கள்.

நெல் எப்படி மிதக்கிறது?

துளையிட்ட தகட்டின் மேல் நெல்லைப் பரப்பி, கீழிருந்து சூடான காற்றை ஊதுவார்கள். மெதுவாக ஊதினால் மணிகளின் இடுக்கு வழியே காற்று போய்விடும், நெல் அசையாது. காற்றின் அழுத்தம் நெல்லின் எடையைத் தாங்கும் அளவுக்கு வந்ததும், உலை அரிசி கொதிப்பதைப் போல மணிகள் புரளும். ஒவ்வொரு மணியையும் சூடு சுற்றி வருவதால், சில நிமிடங்களிலேயே ஈரம் வேகமாக இறங்கும்.

பொடி மணலை மெல்லிய காற்றே மிதக்க வைத்துவிடும். நெல் பெரிய மணி என்பதால், விநாடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் வேகம் தேவை. படுகை தடிமனாக இருந்தால், காற்று ஏதோ ஓரிடத்தில் மட்டும் பீறிட்டுக் கிளம்பும். மூலையில் கிடக்கும் நெல் ஈரமாகவே இருக்கும். அதனால்தான், நெல்லை 10 சென்டிமீட்டர் அளவுக்கே பரப்புகிறார்கள்.

இந்தப் பீறிடும் குணத்தையே 1950-களில் கனடாவில் சாதகமாக்கினார்கள். மாத்தூர், கிஷ்லர் என்ற இரு ஆய்வாளர்கள், நடுவில் ஒரே துளை வழியாகக் காற்றைச் செலுத்தி, கோதுமையை நீரூற்று போல எழும்பி விழ வைத்து உலர்த்தினார்கள்.

காற்றைக் கூட்டினால்?

மணிகள் நன்றாகப் புரளத் தொடங்கிய பிறகு கூட்டும் காற்றில் பெரும்பகுதி, சூட்டை வெளியே கொண்டுபோகும். எரிபொருள்தான் வீண். பதரோடு எடை குறைந்த நெல்லும் பறக்கும். மணிக்குள் இருக்கும் தண்ணீர் மேற்பரப்புக்கு வர நேரம் வேண்டும்; அதைக் காற்றின் வேகத்தால் விரட்ட முடியாது. அவசரப்பட்டால் மணி விரிசல் விடும். அரைக்கும்போது குருணை கூடும். எனவே, 18 சதவிகிதம் வந்ததும் சூட்டை நிறுத்தி, அரை மணி நேரம் குவித்து வைத்து, பிறகு சாதாரணக் காற்றில் ஆற்றுவதே சரியான முறை.

வாடகைக்கு உலர்த்துபவர்கள் கவனிக்க...

* நெல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி புரள்கிறதா?
* நடுவிலும் மூலையிலும் எடுத்த நெல்லின் ஈரப்பதம் ஒன்றாக இருக்கிறதா?
* வெளியேறும் காற்றோடு நல்ல நெல்லும் போகிறதா?
* விதைநெல் என்றால், சூடு 43 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முளைப்புத்திறன் போய்விடும்.