வற்றின கடலில் ஒரு தூண்டில்



பாஸ்டனிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால், மடக்கிய கைபோல அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கேப் காட் வரும். அந்தக் கையின் உட்புறத்தில் ப்ரூஸ்டர் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கே கடல் ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஊரைவிட்டு விலகிப் போகிறது. காலையில் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடத்தில் மதியம் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். கரையிலிருந்து ஒரு மைலுக்கும் மேல் ஈர மணலில் நடந்து போகலாம்.

நம் பெற்றோரில் பலர் தூத்துக்குடியிலும் நாகர்கோவில் பக்கத்திலும் கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இங்கே அது ஏறக்குறைய 3 மீட்டர். தரையோ தட்டையான தரை. அதனால்தான் நீர் இறங்கும்போது இவ்வளவு நிலம் வெளியே வருகிறது. இந்த ஊர்க்காரர்கள் இதை ‘ஃப்ளாட்ஸ்’ என்கிறார்கள். நாங்கள் மணல்வெளி என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் ஏழெட்டுப் பேர், இரண்டு மூன்று அங்கிள்மாருடன் சேர்ந்து, மே முதல் அக்டோபர் வரை வாய்ப்புக் கிடைக்கும் சனிக்கிழமைகளில் அங்கே போகிறோம். பிடிக்கப் போவது ஸ்ட்ரைப்ட் பாஸ். ஊர் வழக்கில் ‘ஸ்ட்ரைப்பர்’. கொடுவா மீனைத் தெரிந்தவர்களுக்கு உடம்பு வாகு பிடிபட்டுவிடும். வெள்ளி உடம்பில் தலை முதல் வால் வரை ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள் ஓடும்.

பனிக்காலம்: இறகும் நூலும்

ஜனவரியில் மணல்வெளியில் பனிக்கட்டி கிடக்கும். மீன்கள் அப்போது தெற்கே, வர்ஜீனியா, வட கரோலினா கடல்களில் இருக்கும். நாங்கள் சபை மண்டபத்தின் கீழ்த்தளத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இரை கட்டுவோம்.

ஃபிளை ஃபிஷிங்கில் உயிருள்ள இரை கிடையாது. முள்ளின்மேல் மான்வால் மயிரையும் இறகையும் மினுமினுப்பு இழையையும் நூலால் சுற்றிக் கட்டி, சின்ன மீன்போலவோ நண்டுபோலவோ செய்கிறோம். அதுதான் ‘ஃபிளை’. நாங்கள் அதிகமாகக் கட்டுவது ‘கிளவுசர்’. பென்சில்வேனியாக்காரரான பாப் கிளவுசர் 1980களில் உண்டாக்கியது. முள்ளின் கழுத்தில் கனமான இரண்டு உலோகக் கண்கள் இருப்பதால் முள் தலைகீழாகத் திரும்பி, மணலில் மாட்டாமல் தத்தித் தத்திப் போகும்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே நேர்மாறு. ஃபிளைக்குக் கனமே இல்லை. நரம்புதான் தடித்தது, கனமானது. 9 அடிக் கம்பை முன்னும் பின்னும் வீசி நரம்பை ஆகாயத்தில் நீட்டி, அந்த வேகத்தில் ஃபிளையைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். பின்னால் நரம்பு முழுவதும் நீளும்வரை கையை நிறுத்திக் காத்திருக்கத் தெரிவதுதான் பாதி வித்தை. பலம் காட்டுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வராது. எங்களில் முதலில் கற்றுக்கொண்டது பதின்மூன்று வயதுத் தங்கை ஒருத்தி.

வசந்தம்: ஆறு ஏறும் மீன்கள்

ஏப்ரல் மாதத்தில் ப்ரூஸ்டரின் ஸ்டோனி ப்ரூக் ஓடையில் ஹெர்ரிங் மீன்கள் கடலிலிருந்து ஏறிவரும். மத்தி இனத்தைச் சேர்ந்த இவை கடலில் வாழ்ந்து, குளங்களில் முட்டையிடப் பாறைப் படிகளைத் தாவித் தாவி ஏறும். பழைய மாவரைக்கும் ஆலைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். சிறு பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். பார்க்க மட்டுந்தான். எண்ணிக்கை குறைந்துபோனதால் 2006 முதல் மாசசூசெட்ஸில் இவற்றைப் பிடிக்கத் தடை இருக்கிறது.

இதே நாட்களில் ஸ்ட்ரைப்பர்கள் செசபீக் வளைகுடாவின் ஆறுகளிலும் ஹட்சன் ஆற்றிலும் முட்டையிட்டுவிட்டு வடக்கே புறப்படுகின்றன. மே மாதத்தில் கேப் காட்டுக்கு வந்து சேர்கின்றன. முதலில் சிறியவை, பிறகு பெரியவை. முழு நிலவுக்கும் அமாவாசைக்கும் ஒட்டிக் குதிரைலாட நண்டுகள் முட்டையிடக் கரையேறுவதும் மே, ஜூனில்தான்.

ஜூன்: கண்ணால் பிடிக்கிற மீன்

மணல்வெளிக்கு மிகச் சிறந்த மாதம் ஜூன். சாண்ட் ஈல் என்ற விரல் நீள ஒல்லி மீன்கள் கூட்டங்கூட்டமாய் மணலில் புதைந்தும் எழும்பியும் திரியும். நீர் ஏறத் தொடங்கியதும் அவற்றைத் தின்ன ஸ்ட்ரைப்பர்கள் கால்வாய்போன்ற பள்ளங்கள் வழியாக முழங்கால் ஆழத்துக்கு வந்துவிடும்.

இங்கே கண்மூடித்தனமாக வீசுவதில்லை. தண்ணீரின் பளபளப்பை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டு, வெயிலை முதுகில் வைத்து மெதுவாக நடக்கிறோம். வெளிர் மணலில் மீன் தெரியாது, அதன் நிழல்தான் தெரியும். பச்சையாக ஒரு நீளத் தடம் அசைந்தால், அது போகும் வழியைப் பார்த்து, அதற்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால் ஃபிளையை இறக்க வேண்டும். மீனின் தலைமேல் விழுந்தால் ஓடிவிடும். பேச்சும் குறைந்துபோகும். போனை மூன்று மணி நேரம் ஒருவரும் தொடாத இடம் எங்களுக்கு இது ஒன்றுதான்.

ஆனால் இந்த மாதம்தான் ஆபத்தான மாதமும். கடல் நேராக முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. கரைக்கும் நமக்கும் நடுவே இருக்கும் பள்ளங்கள் நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் நிறைந்துவிடும். நாம் நிற்கும் மேடு காய்ந்திருக்க, வந்த வழி மார்பளவு ஆகிவிடும். குளிர்ந்த தண்ணீர்மேல் வெதுவெதுப்பான காற்று வரும்போது மூடுபனியும் இறங்கும். அப்போது கரை எந்தப் பக்கம் என்றே தெரியாது. ஆகையால் வற்றம் முடியும் நேரத்தை முந்தின நாளே எழுதி வைக்கிறோம். ஒவ்வொரு நாளும் அது சுமார் 50 நிமிடம் பிந்தும். ஒவ்வொருவரிடமும் திசைகாட்டியும் விசிலும் இருக்கும். நீர் திரும்பியதும் ஒருவர் விசில் ஊதுவார். அப்போது மீன் எவ்வளவு கிட்டத்தில் நின்றாலும் எல்லாரும் கரைப்பக்கம் நடக்கத் தொடங்கி, கடைசிப் பள்ளத்தைக் கடந்த பிறகே மறுபடி வீசுவோம்.

கோடை: விட்டு ஒதுங்குகிற காலம்

ஜூலை பாதியில் ஆழமில்லாத தண்ணீர் சூடேறிவிடும். பெரிய மீன்கள் குளிர்ந்த ஆழத்துக்குப் போகும். வெப்பம் 21 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நீரில் பிராணவாயு குறைவு. அதில் போராடிக் களைத்த மீனை விட்டாலும் அது பிழைப்பது கஷ்டம். ஆகஸ்டில் விடியற்காலையில் போய், ஏழு மணிக்கெல்லாம் கம்பைக் கட்டிவிடுகிறோம்.

பெற்றோர் எப்போதும் கேட்பது சுறாவைப் பற்றி. 1972-ல் கடல் பாலூட்டிகளைக் காக்கும் சட்டம் வந்தபின் சாம்பல் சீல்கள் பெருகின. அவற்றைத் தேடி வெள்ளைச் சுறாக்கள் வருகின்றன. 2018-ல் வெல்ஃப்ளீட்டில் ஒருவர் உயிரிழந்தார். மாசசூசெட்ஸில் 1936-க்குப் பிறகு அதுவே முதல் மரணம். அது அட்லாண்டிக்கைப் பார்த்த வெளிக்கரையில் நடந்தது. உட்புறத்திலும் சீல் தலை தெரிந்தால் தண்ணீரைவிட்டு ஏறிவிடுவோம். இடுப்புக்கு மேல் ஆழத்துக்கு எவரும் போவதில்லை.

ஆச்சியின் கேள்வி

போன வருஷம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஆச்சி ஒருவர் எங்களோடு கரைவரை வந்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். பிடித்த மீன் ஒவ்வொன்றையும் தண்ணீரில் விட்டதைக் கண்டு, “திங்கதுக்கு இல்லைன்னா அதுக்கு வாயில முள்ள எதுக்குப் போடுதிய?” என்று கேட்டார்.

எங்களில் யாருக்கும் உடனே பதில் வரவில்லை. அடுத்த வாலிபர் கூட்டத்தில் ஒரு மாலை முழுவதும் இதையே பேசினோம்.

இந்த மீனின் கதையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1639-லேயே மாசசூசெட்ஸ் குடியேற்றம், இந்த மீனை வயலுக்கு உரமாகப் போடக்கூடாது என்று சட்டம் செய்தது. 1670-ல் பிளிமத் குடியேற்றம், கேப் காட்டில் கானாங்கெளுத்தி, பாஸ், ஹெர்ரிங் பிடிப்பதில் வரும் வருமானத்தை ஒரு இலவசப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியது. மீன் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஊர் இது.

அப்படிப்பட்ட மீன் அளவுமீறிப் பிடிக்கப்பட்டு 1980களில் அடியோடு குறைந்துபோனது. 1984-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. மேரிலாந்து 1985 முதல் 1990 வரை பிடிப்பதையே தடை செய்தது. தூண்டில்காரர்களே பலர் தடை வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். 1995-ல் மீன்வளம் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். இப்போது மறுபடியும் குறைந்திருக்கிறது. செசபீக்கில் 2019 முதல் வருஷத்துக்கு வருஷம் குஞ்சுகளின் எண்ணிக்கை சராசரிக்கு மிகக் கீழே வந்துகொண்டிருக்கிறது. பெண்மீன் முட்டையிடும் பருவத்துக்கு வர ஆறு முதல் எட்டு வருஷம் ஆகும். அதாவது இன்று பிறக்காத குஞ்சுகளின் குறை, நம் தம்பி தங்கைகள் கல்லூரிக்குப் போகும்போதுதான் முழுதாகத் தெரியும்.

சட்டம் இப்போது ஆளுக்கு ஒரு நாளில் ஒரு மீன், அதுவும் 28 அங்குலத்துக்கும் 31 அங்குலத்துக்கும் இடைப்பட்டது என்கிறது. மற்றவற்றை விட்டுத்தான் ஆகவேண்டும். ஆச்சிக்கு இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. விடப்பட்ட மீன்களில் 100-க்கு 9 பிறகு செத்துப்போவதாக வைத்துத்தான் மீன்வள அதிகாரிகள் கணக்குப் போடுகிறார்கள். இது எல்லா வகைத் தூண்டிலுக்கும் சேர்த்த சராசரி. அப்படியானால் ஒரு காலையில் இருபத்திரண்டு மீன் பிடித்து இருபத்திரண்டையும் விட்டவர், ஒரு மீனை வீட்டுக்குக் கொண்டுபோனவரைவிட அதிகம் கொன்றிருக்கலாம். விட்டுவிட்டோம் என்பதால் கை சுத்தம் என்று சொல்ல முடியாது.

அன்று கூட்டத்தில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஒரு அண்ணன் கம்பை வைத்துவிட்டார். இப்போது பைனாகுலரோடு பறவை பார்க்க எங்களுடன் வருகிறார். மற்றவர்கள் நான்கு ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம்.

முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுக்க வேண்டும். உலர்ந்த மணலில் போடக்கூடாது. சட்டத்துக்கு உட்பட்ட மீன் கிடைத்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம். எடுக்காவிட்டாலும் ஆளுக்கு மூன்று மீனோடு அன்றைய தூண்டில் முடிந்தது.

ஆச்சி ஊருக்குப் போகுமுன் போய் இந்த ஒழுங்குகளைச் சொன்னோம். “மூணும் கூடுதல்தான். ஆனா எண்ணுறியள்லா, அது நல்லது” என்றார். அடுத்த சனிக்கிழமை கொண்டுபோன 29 அங்குல மீனை அவரே புளிக்குழம்பு வைத்தார். சதை கெட்டி, முள் குறைவு, மசாலாவை நன்றாகத் தாங்கும் என்பது அவருடைய தீர்ப்பு.

இலையுதிர்காலம்: திரும்பும் கூட்டம்

செப்டம்பரில் நீர் குளிர ஆரம்பிக்கும். அந்த வருஷம் பிறந்த மென்ஹேடன் குஞ்சுகள் உள்ளங்கை அளவில் கூட்டமாய் வரும். ஸ்ட்ரைப்பர்கள் தெற்கே போகும் பயணத்துக்காக அவற்றைத் தின்று கொழுக்கும். கடற்பறவைகள் வட்டமிடும் இடத்தில் தண்ணீர் கொதிப்பதுபோல இருக்கும். அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் வடகாற்று அடித்தால் மணல்வெளி வெறுமையாகிவிடும். மறுபடி மே வரை மேசையும் நூலும்தான்.

வர விரும்புகிறவர்களுக்கு

16 வயது நிறைந்தவர்களுக்கு மாசசூசெட்ஸ் கடல்மீன்பிடி அனுமதி கட்டாயம் வேண்டும். இணையத்தில் எடுக்கலாம். 60 தாண்டிய அங்கிள், ஆன்ட்டிமாரும் எடுக்க வேண்டும், ஆனால் கட்டணம் இல்லை. பிடிக்கும் அளவு வருஷத்துக்கு வருஷம் மாறக்கூடும்; புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பு வாங்க அவசரப்பட வேண்டாம். சபையில் நாலு கம்பு பொதுவாக இருக்கிறது, வீசப் பழகச் சபைப் புல்வெளி போதும். பழைய டென்னிஸ் ஷூ, தொப்பி, போலரைஸ்டு கண்ணாடி, மாற்று உடை, தண்ணீர், சாப்பாடு கொண்டுவாருங்கள். 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெற்றோரில் ஒருவரோடு வரவேண்டும். நீந்தத் தெரியாதவர்கள் கரைப்பக்கத்து மேட்டிலேயே நின்று வீசலாம். அங்கேயும் மீன் வருகிறது.

விசில் ஊதினால் திரும்ப வேண்டும். இதற்குச் சம்மதிக்கிறவர்கள் மட்டும் பெயர் கொடுங்கள்.