மனைநடுத் தீயும் பூவாடைக்காரியும்: ஐயம்பேட்டை நெசவு இல்லத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பண்டைக் கிரேக்கரின் அடுப்புத் தெய்வமான எஸ்தியாவை இன்று தம் இல்லங்களில் வழிபடுவோர் உளர். அவ்வழிபாட்டுக்கு நூல் உண்டு. இடையறாத வழக்கு இல்லை. தமிழர் இல்லங்களிலோ அடுப்பையும் விளக்கையும் போற்றும் வழக்கு உண்டு. அதற்கெனப் பெயர் பெற்ற தெய்வமோ நூலோ இல்லை. இம்முரணைக் காஞ்சிபுரம் வட்டார நெசவு இல்லத்தின் அமைப்போடும், வடதமிழக வீட்டுத் தெய்வமான பூவாடைக்காரி வழிபாட்டோடும் பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அடுப்பு, எஸ்தியா, பூவாடைக்காரி, பால் காய்ச்சுதல், குழித்தறி, வீட்டுத் தெய்வம்

முன்னுரை

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் அமைந்த ஐயம்பேட்டை கைத்தறி நெசவால் பெயர் பெற்ற ஊர். இவ்வட்டாரத்து மரபான நெசவு வீட்டில் தறிக்கென்று தனிக் கூடம் இல்லை; குடியிருக்கும் வீடே தொழிற்கூடம். முன்பகுதியில் குழித்தறி, குழியின் விளிம்பில் அமர்ந்து நெசவாளர் மிதிபலகையை மிதிப்பார். பின்பகுதியில் அடுப்பங்கரை. இரண்டுக்கும் இடையில் எங்கோ ஒரு மாடத்தில் விளக்கு. தறி, விளக்கு, அடுப்பு ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் அமைந்துவிடுவதால், இல்லத்தின் நடு எது என்னும் வினா இங்கு வேறெங்கும் விடக் கூர்மையாக எழுகிறது.

பண்டைக் கிரேக்கரிடம் இவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை இருந்தது. ‘எஸ்தியா’ என்பது அவர்கள் மொழியில் அடுப்பின் பெயர். அடுப்பில் உறையும் தெய்வத்தின் பெயரும் அதுவே. தமிழில் ‘அடுப்பு’ என்பது அடுதல், அதாவது சமைத்தல், என்னும் வினையிலிருந்து பிறந்த தொழிற்பெயர்வழிச் சொல். அச்சொல் தெய்வப் பெயராகவில்லை. இதனைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயின் ஏன் ஆகவில்லை என்பது ஆராயத்தக்கது.

எஸ்தியா: கதையில்லாத் தெய்வம்

எசியோடின் தெய்வ வரலாற்று நூல் எஸ்தியாவைக் குரோனோசு, ரேயா ஆகியோரின் மக்களுள் முதலாவதாக வைக்கிறது. ஓமரின் பெயரால் வழங்கும் துதிகளுள் ஒன்று, பொசைடனும் அப்பொல்லோவும் இவளை மணக்க விரும்பியதையும், சியூசின் தலையைத் தொட்டு இவள் கன்னி விரதம் பூண்டதையும் கூறுகிறது. திருமணத்துக்கு ஈடாக வீட்டின் நடுவிடத்தையும் படையலில் முதன்மைப் பங்கையும் சியூசு இவளுக்கு அளித்தார். இவ்வளவே இவள் வரலாறு. போர், காதல், சினம், பழிவாங்கல் எதுவும் இல்லை. தெய்வங்கள் ஊர்வலம் செல்லும்போது எஸ்தியா மட்டும் வீட்டில் தங்கிவிடுகிறாள் என்று பிளேட்டோ ‘பீடரசு’ உரையாடலில் குறிப்பிடுகிறார். கதையின்மை இத்தெய்வத்தின் குறையன்று, இலக்கணமே எனலாம்: அசைவன எல்லாவற்றுக்கும் அசையாத ஒரு நடு வேண்டும்.

விருந்தில் முதல் மதுவும் இறுதி மதுவும் இவளுக்கே உரியன. பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்பை வலம்வந்த பின்னரே அது குடும்பத்தின் உறுப்பினராகக் கொள்ளப்பட்டது. புதிதாக வந்த மணமகளை அடுப்பருகே அமர்த்தி உலர்கனிகளையும் கொட்டைகளையும் தலைமேல் சொரிந்தனர். விலைக்கு வாங்கிய அடிமைக்கும் இதே சடங்கு செய்யப்பட்டது. மனைவியும் அடிமையும் ஒரே வாயில் வழியாகக் குடும்பத்துக்குள் நுழைந்தனர் என்னும் இச்செய்தி, அடுப்பின் புனிதத்தைப் பாடுவோர் பெரும்பாலும் கடந்துவிடும் ஒன்று.

வீட்டுக்கு அடுப்பு இருந்ததுபோல நகரத்துக்கும் பொது அடுப்பு இருந்தது. புதிய குடியேற்றம் அமைப்போர் தாய்நகரின் பொதுத்தீயிலிருந்து நெருப்பு எடுத்துச் சென்றனர். கி.மு. 479இல் பிளாட்டேயா போரில் பாரசீகரை வென்றபின், பகைவரால் மாசுற்ற தீ என்று கருதி ஊர்த்தீ அனைத்தையும் அவித்து, டெல்பியிலிருந்து புதுத்தீ கொணர்ந்ததைப் புளூட்டார்க் விவரிக்கிறார்.

கிறித்தவம் அரச சமயமான பின் இவ்வழிபாடு அறுந்தது. அண்மைக் காலத்தில் பண்டைக் கிரேக்கத் தெய்வ வழிபாட்டை மீட்க முனைவோர் கிரேக்கத்தில் 1997இல் ஓர் உயர்மன்றம் அமைத்தனர். 2017இல் அந்நாட்டு அரசு இச்சமயத்துக்கு ஏற்பு வழங்கியது. கிரேக்கத்துக்கு வெளியேயும் இவ்வழிபாட்டினர் உளர். இவர்தம் வீடுகளில் எஸ்தியா வழிபாடு எளியது: சமையலறைத் தட்டில் ஒரு விளக்கு அல்லது மெழுகுவத்தி; உணவில் முதற் சிறுபங்கு; வழிபாட்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் அவள் பெயர். இவர்கள் அனைவரும் வழக்கை நூலிலிருந்து கட்டியெழுப்பியவர்கள். பாட்டி செய்ததைப் பார்த்துக் கற்றவர் எவரும் இல்லர்.

தமிழ் இல்லத்துத் தீ

தமிழ் வழக்கில் நூல்வழிக் கட்டமைப்புக்கு இடமில்லை. பார்த்துக் கற்பதே முறை. புதுவீடு புகுவோர் முதலில் செய்வது பால் காய்ச்சுதல். சொந்த வீடாயினும் வாடகை வீடாயினும், மாதவாடகைக்கு எடுத்த ஓர் அறையாயினும், பால் பொங்கி வழிந்த பின்னரே தட்டுமுட்டுச் சாமான்கள் நிறைவாகக் குடியேறுகின்றன. எரிவாயு அடுப்பிலும் மின்னடுப்பிலும் இன்று இது நடைபெறுகிறது. அடுப்பின் வடிவம் மாறியும் சடங்கு மாறவில்லை என்பது, வழிபடப்படுவது மண்ணாலான பொருளன்று, அவ்விடத்து முதல் தீயே என்பதைக் காட்டுகிறது. கிரேக்க அடுப்பு வலத்துக்கு நிகரான தமிழ்ச் சடங்கு எதுவெனின், ஐயமின்றி இதனையே சுட்டலாம்.

தைப்பொங்கலில் அடுப்பு வீட்டைவிட்டு முற்றத்துக்கு வருகிறது. புதுப்பானை, புது அடுப்பு, கிழக்கு நோக்கிய பொங்கல். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினரோ அண்டை வீட்டாரோ உணவு கொணர்வர். ஆர்கோசு நகரத்தாரும் வீட்டில் இறப்பு நேர்ந்தால் தீயை அவித்துப் பிறர் வீட்டிலிருந்து புதுத்தீ பெற்றதாகப் புளூட்டார்க் கூறுவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தமிழர் அடுப்பைச் சாணமிட்டு மெழுகிக் கோலமிட்டனர். விளக்கை ‘அணை’ என்று சொல்லாமல் ‘மலையேற்று’, ‘குளிரவை’ என்று மங்கலமாகச் சொல்லும் வழக்கு இன்றும் உண்டு. அடுப்பெரியாமை என்பது வறுமைக்கு மறுபெயர். புறநானூற்று 164ஆம் பாடலில் பெருந்தலைச்சாத்தனார் குமணனிடம் தம் வறுமையைச் சொல்லத் தேர்ந்த முதற்படிமமே சமையலை மறந்து காளான் பூத்த அடுப்புத்தான். பசித்த குழந்தையும் கலங்கும் மனைவியும் அதற்குப் பின்னரே வருகின்றனர்.

ஆயினும் சங்க நூல்களில் பெண்கள் கைகூப்பித் தொழுவதாகக் காட்டப்படும் மனைத்தீ அடுப்பன்று, விளக்கு. நெடுநல்வாடையில் மாலைக்காலத்தில் மகளிர் இரும்பு விளக்கில் திரி கொளுத்தி, நெல்லும் மலரும் தூவி வணங்குகின்றனர். அடுப்புத் தீ உணவுக்கும் விளக்குத் தீ வணக்கத்துக்கும் என்னும் பகுப்பு அக்காலத்திலேயே தோன்றிவிட்டது எனக் கருத இடமுண்டு. கிரேக்கத்தில் ஒன்றாயிருந்தது இங்கு இரண்டாயிற்று. காஞ்சியில் இவ்விளக்கு மரபு கோயிலுக்கும் பாசுரத்துக்கும் ஏறியது: திருவெஃகாவில் தோன்றியவராகக் கொள்ளப்படும் பொய்கையாழ்வார் தம் அந்தாதியின் தொடக்கத்தில் உலகையே அகலாகவும் கடலை நெய்யாகவும் கதிரவனைச் சுடராகவும் கண்டார், தூப்புலில் திருமால் விளக்கொளிப் பெருமாளாக எழுந்தருளியுள்ளார். அடுப்புக்கு இவ்வுயர்வு கிட்டவில்லை.

விதிவிலக்காகச் சுட்டத்தக்கது சிலப்பதிகாரம். கொலைக்களக் காதையில் ஐயை தீ மூட்டித்தரக் கண்ணகி கோவலனுக்கு உணவு சமைக்கிறாள். பின்னர் மதுரையை எரித்த தீயைப் பேசும் ஆய்வுகள் பல. இந்த ஆய்ச்சேரி அடுப்பைப் பேசுவன சில. கண்ணகியாகக் கருதப்படும் திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பகவதிக்கு மகளிர் இடும் பொங்கல் அவ்விரு தீயையும் இணைப்பது போல அமைந்துள்ளது. கோயிலின் பண்டார அடுப்பில் ஏற்றிய தீ, தெருவெங்கும் செங்கல் கூட்டிய அடுப்புகளுக்கு ஒன்றிலிருந்து ஒன்றாகப் பரவுகிறது. 2009இல் சுமார் 25 இலட்சம் மகளிர் கலந்துகொண்டதாகக் கின்னஸ் பதிவு கூறுகிறது. தாய்நகரின் பொதுத்தீயைக் குடியேற்றங்களுக்குக் கொண்டுசென்ற கிரேக்க முறைக்கு இன்றும் வாழும் நெருங்கிய இணை இதுவாகலாம்.

பூவாடைக்காரி

அடுப்புக்குப் பெயரில்லை எனினும் வீட்டுக்குத் தெய்வம் உண்டு. வடதமிழகத்தில் பல சமூகத்தாரிடம் அத்தெய்வம் பூவாடைக்காரி எனப்படுகிறாள். குடும்பத்தில் மங்கல மகளாக இறந்த மூதாதைப் பெண்ணே அவள். திருமணம் முதலிய நிகழ்வுகளுக்கு முன் நீர்நிலையிலிருந்து கலசத்தில் அவளை அழைத்துவந்து, பூச்சூட்டி, மஞ்சள் குங்குமத்தோடு புதுச்சேலை வைத்துப் படைப்பர். படைத்த சேலையைப் பின்னர் வீட்டுப் பெண் உடுத்துவாள். பிராமணர் இல்லங்களில் சுமங்கலிப் பிரார்த்தனை என்னும் பெயரில் இதன் இணைவடிவம் காணப்படுகிறது. தென்மாவட்டங்களில் மணமாகாது இறந்தவளைக் கன்னித் தெய்வமாகக் கொண்டு ஆடை படைத்துப் பெட்டியில் காக்கும் வழக்கம் உண்டு.

எஸ்தியாவோடு இவள் ஒப்பும் இடங்கள் தெளிவானவை. இருவருக்கும் பெருங்கோயில் முதன்மையன்று, உருவச்சிலை இன்றியமையாததன்று, வீடே இடம், குடும்பத்தின் எந்த நற்செயலிலும் முதற்பங்கு. வேறுபாடோ அடிப்படையானது. எஸ்தியா எவருடைய தாயும் அல்லள்; எல்லார் வீட்டிலும் ஒரே எஸ்தியா. பூவாடைக்காரி ஒவ்வொரு வீட்டிலும் வேறொருத்தி. அவளுக்குப் பெயர் இருந்தது, முகம் இருந்தது, மூன்று நான்கு தலைமுறைக்குப் பின்னரே அவை மறைகின்றன. எஸ்தியாவின் கன்னிமை அவள் கேட்டுப் பெற்ற வரம். தமிழ்க் கன்னித் தெய்வத்தின் கன்னிமையோ நிறைவேறாத வாழ்வு. அதனை ஆற்றுவதற்கே ஆடை. ஆகவே ‘கன்னித் தெய்வம்’ என்னும் பொதுப்பெயரால் இவ்விருவரையும் ஒன்றாக்குவது பொருந்தாது. ஒப்பிட வேண்டுமாயின் உரோமர் வீட்டுத் தீயருகே வைத்துப் போற்றிய இல்லக்காவல் தெய்வங்களே பூவாடைக்காரிக்கு இன்னும் அணுக்கமானவை.

பிரெஞ்சு அறிஞர் பியூஸ்டெல் தெ கூலாஞ்சு 1864இல் வெளியிட்ட ‘பண்டை நகரம்’ என்னும் நூலில், வீட்டுத்தீ வழிபாடும் இறந்தோர் வழிபாடும் ஒரே சமயத்தின் இரு முகங்கள் என்று வாதிட்டார். கிரேக்க, உரோம, வேதச் சான்றுகளையே அவர் கொண்டார். தமிழ்ச் சான்று அவர் கணக்கில் இல்லை. இருந்திருப்பின் அவரது ‘ஆரியக் குடும்பம்’ என்னும் சட்டகம் நின்றிருக்குமா என்பது ஐயம். தீயையும் மூதாதையரையும் இல்லத்துள் இணைத்தல் ஒரு மொழிக்குடும்பத்தின் தனியுடைமை அன்று என்பதற்குப் பூவாடைக்காரி வலுவான எதிர்ச்சான்று.

தறியும் அடுப்பும்

இவ்வழிபாட்டின் மையப் படையல் சேலை என்பதால் நெசவு இல்லத்தில் அதற்குத் தனிப்பொருள் உண்டாகிறது. வேறு ஊரில் கடையில் வாங்கிப் படைக்கும் பொருள் இங்கு வீட்டின் முன்கூடத்தில் நாள்தோறும் நெய்யப்படுவது. ஆயின் தறியில் ஏறும் பட்டு பெரும்பாலும் நெய்பவருக்கு உரியதன்று. பாவும் ஊடையும் சரிகையும் முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ கொடுப்பது. கைக்கு வருவது கூலி. பிரியதர்சனின் ‘காஞ்சிவரம்’ (2008) திரைப்படம் மகளுக்குப் பட்டுச்சேலை தர இயலாத நெசவாளனின் கதையாக அமைந்தது இதனால்தான். தெய்வத்துக்குப் பட்டே வேண்டும் என்ற விதி இல்லை. மஞ்சள் தோய்ந்த பருத்தியும் போதும். வீட்டில் நெய்த பட்டு வீட்டுத் தெய்வத்துக்குக் கிட்டாமல் வெளியேறுவதைப் பக்தி பற்றிய ஆய்வுகள் பொருளியலாகக் கருதி ஒதுக்குவது சரியன்று. படையலின் பொருளை அதுவே தீர்மானிக்கிறது.

அடுப்பும் தறியும் தொழிலளவிலும் பிணைந்தவை. பட்டு நூலின் இயற்கைப் பசையை நீக்கக் கொதிநீர் வேண்டும்; சாயம் ஏற்றச் சூடான தொட்டி வேண்டும்; பாவுக்கு வலுவூட்ட அரிசிக் கஞ்சி வேண்டும். உண்ணும் சோற்றின் உறவான கஞ்சியே பாவு நூலைக் காக்கிறது. இவற்றிடையே நின்று உழைப்பவள் பெரும்பாலும் வீட்டுப் பெண்: இராட்டையில் தார் சுற்றுபவளும் அடுப்பு மூட்டுபவளும் அவளே. தறிக்கு ஆயுதபூசையன்று ஓய்வு உண்டு. அன்றும் அடுப்புக்கு ஓய்வில்லை.

பிரெஞ்சு அறிஞர் வெர்னான் 1963இல் எழுதிய கட்டுரையில் எஸ்தியாவை நிலைத்த நடுவாகவும் எர்மேசை வாயில், வழி, வாணிகம் ஆகியவற்றின் தெய்வமாகவும் இணைத்து விளக்கினார். நெசவு இல்லத்தில் இவ்விணை ஆண்பெண் பகுப்பாக அமையவில்லை. ஆணும் குழிக்குள் கால்வைத்து வீட்டிலேயே இருக்கிறான். வெளியே செல்வது சேலை மட்டும். வெர்னானின் சட்டகத்தை அவ்வாறே பொருத்த முயல்வோர் இவ்விடத்தில் தடுமாறுவர்.

மறையும் வழக்கு

புகை பெண்களின் நுரையீரலைக் கெடுத்தது. எரிவாயு அதனைக் குறைத்தது. 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வலா திட்டமும் அதற்கு முந்தைய இலவச எரிவாயு அடுப்பு வழங்கலும் மண்ணடுப்பைப் பின்னுக்குத் தள்ளின. இதற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. மாதவிலக்கு நாள்களில் பெண்ணை அடுப்பங்கரையிலிருந்து விலக்கிய தீட்டு விதியும் அதே அடுப்பின் புனிதத்தோடு வந்ததே. ஆயின் மெழுகுதல், கோலமிடுதல், இரவில் தணல் காத்தல் ஆகிய சிறுசெயல்கள் பொருளோடு சேர்ந்து போய்விட்டன. பால் காய்ச்சுதல் போன்று வேறு அடுப்புக்கு மாறக்கூடியவை மட்டுமே தங்கின. விசைத்தறியும் வேற்றுத் தொழிலும் குழித்தறியை வீட்டிலிருந்து அகற்றும் இடங்களில் பூவாடைக்காரிக்குரிய சேலையும் வெளியிலிருந்து வரும் பொருளாகிவிடுகிறது.

எஸ்தியாவின் இன்றைய அடியவர்கள் ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டு இடைவெளியைக் கடந்து தீ ஏற்ற முடிந்ததற்குக் காரணம், எசியோடும் பிளேட்டோவும் புளூட்டார்க்கும் கைக்கு எட்டியமையே. பூவாடைக்காரிக்கு அத்தகைய ஏடு இல்லை. எந்த நீர்நிலையிலிருந்து கலசம் எடுப்பது, எந்தப் பூ, சேலையை யார் முதலில் உடுத்துவது என்பன ஒவ்வொரு வீட்டிலும் ஓரிரு மூத்த பெண்களின் நினைவில் மட்டுமே உள்ளன. ‘தமிழரின் அடுப்புத் தெய்வம்’ என்று புதிதாகப் பெயரிட்டு எஸ்தியாவின் அச்சில் வார்ப்பதைவிட, அவ்வினாக்களை வீடுவீடாகக் கேட்டு, விடைகளின் முரண்களைச் சீர்செய்யாமல் பதிவது களஆய்வாளர் முன்னுள்ள பணி. கேட்க வேண்டிய நேரம் திருமணத்துக்கு முந்தைய நாள். இடம் கூடமன்று, அடுப்பங்கரை.